குழாய் பார்க்க வந்தவர்

பெண்ணின் அப்பா மாசானம், மாப்பிள்ளை பார்க்க வருகிற ஆள் இல்லை, குழாய் பார்க்க வருகிற ஆள். தரகர் இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊரில் பெரியவர்கள் பேசி முடித்து, பையன் குடியிருக்கும் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பெண்ணோடு வருகிறார்கள் என்று ஆன பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டுச் சொன்னால் அந்தப் பையன் இசக்கிபாண்டி என்ன செய்வான், பாவம்.

விஷயம் இதுதான். மாசானம் தன் மூத்த மகளைக் கடலோரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்தார். குழாயைத் திறந்தால் இளநீர்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் அடித்துச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தப் பெண் இன்றைக்கும் இடுப்பில் குடத்தோடு அலைகிறாள். அன்றிலிருந்து மனிதர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து ஒரு சொம்பு குடிப்பார், அப்புறம்தான் மாப்பிள்ளையின் முகத்தையே ஏறிட்டுப் பார்ப்பார். சின்னவள் பாண்டிச்செல்விக்கு வந்த இரண்டு வரன்கள் இப்படிக் குழாயடியிலேயே முடிந்துபோயின.

கேட்டதும் இசக்கிபாண்டி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பார்த்தான். பாண்டிச்செல்வியோடு போனில் பேசிப் பேசி, அவள் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு வந்திருந்தான். அங்கே தண்ணீர் எப்படி என்று ஒருநாள் அவள் கேட்டபோது, அருமையான தண்ணீர் என்று கூசாமல் அளந்தும் விட்டிருந்தான்.

வடக்குப்பட்டில் அவன் வாடகைக்கு இருந்த, வீட்டுக்காரி ரத்னாக்காவின் காம்பவுண்டில் ஒரு நாள் குளித்தவன்கூட அப்படிச் சொல்லமாட்டான். நாலு வீட்டுக்கும் சேர்த்து மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி. போர் தண்ணீர் அதில் ஏறி மஞ்சளாக இறங்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். வெள்ளைச் சட்டையை அதில் துவைத்துப் போட்டால் கொஞ்ச நாளில் சாமியாராகப் போகலாம், நிறம் அப்படி. குடிக்க எல்லோருக்கும் கேன் தண்ணீர்தான்.

ஞாயிறு காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் படுக்கவில்லை. ரத்னாக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், மற்ற வீட்டுக்காரர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாடியேறித் தொட்டியைக் காலி செய்தான். அடியில் பார்த்ததும் குமட்டியது. சேறு, பாசி, ஒரு சீப்பு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. இத்தனை நாள் இதிலா வாய் கொப்பளித்தோம் என்று நினைத்து இரண்டு தடவை துப்பினான். உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய் தேயென்று தேய்த்துக் கழுவினான். உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்தது. பிறகு கேன் போடும் முனிரத்தினத்தின் வண்டியை மறித்து, அதிலிருந்த கேன் அத்தனையையும் மாடிக்கு ஏற்றச் சொன்னான்.

"இன்னாபா, வூட்ல கல்யாணமா?" என்றான் முனிரத்தினம்.

"நடக்குமான்னு பாக்கத்தாண்ணே."

வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது ரத்னாக்கா திரும்பி வந்தாள். வந்ததும் டீ போட்டாள். பால் திரியவில்லை. சந்தேகப்பட்டுக் குழாயில் ஒரு வாய் பிடித்துக் குடித்தாள். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. காரணத்தையும் ரத்னாக்காவே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் வரப்போகிற பெண்ணின் ராசியாம். வாசலில் கால் வைப்பதற்கு முன்னாலேயே பூமிக்குள் தண்ணீர் இனித்துவிட்டதென்றால் சும்மாவா?

கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று இசக்கிபாண்டி கெஞ்சிப் பார்த்தான். தீர்ந்தால் மோட்டார் போட்டால் போயிற்று, பூமி கொடுப்பதற்கு உனக்கென்ன கஞ்சத்தனம் என்று அவனைத்தான் எல்லோரும் வாரினார்கள். மேலே தொட்டி இறங்க இறங்க அவனுக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ வாசலில் நின்றது. முதலில் மாசானம் இறங்கினார், அடுத்து பாண்டிச்செல்வி, கடைசியாகத் தரகர். மாசானம் நேராகக் குழாயடிக்குப் போனார். மஞ்சப்பையிலிருந்து தன் சொந்தச் சொம்பை எடுத்தார். பிடித்தார், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தாமிரபரணிகூட இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்றார். அதன் பிறகு இசக்கிபாண்டியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ரத்னாக்கா ராசி விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இசக்கிபாண்டிக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மகளும் குடிக்கட்டும் என்று மாசானம் மறுபடி சொம்பைப் பிடித்தார். குழாய் இரண்டு முறை காறிவிட்டு நின்றுபோனது. ரத்னாக்கா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சொம்பு நிறைந்தது, நல்ல மஞ்சளாக.

ரத்னாக்கா சொம்பைப் பார்த்தாள். பிறகு பாண்டிச்செல்வியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"காலைலேர்ந்து தேனாட்டம் வந்துகினு இருந்துச்சு. இந்தப் பொண்ணு உள்ள கால் வச்சதும் இன்னா இப்டி ஆயிடுச்சு?"

குடத்தோடு நின்ற பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வியின் முகம் சுருங்கிக் கண் கலங்கியது. இசக்கிபாண்டி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவன் பக்கம் திரும்பாது, கல்யாணம்கூட நடந்துவிடலாம். ஆனால் தண்ணீரைக் கெடுத்தவள் என்ற பேரோடு அவள் இந்தக் காம்பவுண்டில் குடியிருக்க வேண்டுமே. அதை நினைத்தபோது அவனுக்குத் தாங்கவில்லை.

"ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. காலைல வந்தது கேன் தண்ணி. நாந்தான் தொட்டியில ஊத்துனேன். இங்க எப்பவும் வாறது இந்த மஞ்சத் தண்ணிதான்."

ரத்னாக்கா முதல் வேலையாகத் தன் குடங்களை மூடி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். கேன்காரன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் மற்றவர்களும் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனார்கள். தரகர் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

மாசானம் சொம்புத் தண்ணீரைப் பப்பாளி மரத்தடியில் கொட்டினார். துண்டால் சொம்பைத் துடைத்து மஞ்சப்பைக்குள் வைத்தார். சரி, மூன்றாவது வரனும் முடிந்தது என்று இசக்கிபாண்டி நினைத்துக்கொண்டான்.

"மூத்தவ ரெண்டு பிள்ள பெத்தாச்சு," என்றார் மாசானம். "இன்னைக்கும் அவ மாமியாக்காரி அந்த உப்புத் தண்ணிய இளநின்னுதான் சொல்லுதா. எம் மவ நாக்குதான் சரியில்லையாம்."

இது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் இசக்கிபாண்டி நின்றான். அப்போதுதான் பாண்டிச்செல்வி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"தொட்டியக் கழுவிட்டு ஊத்துனீயளா, அழுக்கு மேலயே ஊத்துனீயளா?"

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். வெள்ளை வெளேரென்று வெந்து உரிந்திருந்த அந்தக் கைகளை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்பா," என்றாள், "குடிக்கதுக்குக் கேன் வாங்கிக்கிடலாம்."