‘கருவியில் உள்ளதையும் சேர்’

நுவாக்‌ஷூட் நகரத்துச் செல்போன் சந்தையில் பாட்டு ஏற்றித் தரும் என் கடைக்கு ஒரு பேர் இருந்தது: யஸ்லெமிடம் இல்லாத பாட்டு ஊரிலேயே இல்லை. அந்தப் பேரை எப்படிச் சம்பாதித்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வருகிறவர் தம் பாட்டுக் கருவியைக் கொடுப்பார். கணினியில் செருகுவேன். நான் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பையும் அந்தக் கருவியையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாய்ச் சேர்ந்ததை ஏற்றும். நான் நீக்கியதை அங்கேயும் நீக்கும். அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: ‘கருவியில் உள்ளதையும் தொகுப்பில் சேர்’. அதில் டிக் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் கையிலுள்ள அபூர்வமான கல்யாணக் கச்சேரிகள் சத்தமில்லாமல் என்னிடம் வந்துவிடும். இரண்டு வருடமாக டிக் போட்டே வைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்த சந்தில், பெண்கள் தலையோடு சுற்றிக்கொள்ளும் மெலஃபா துணி விற்கும் ஸைனபு அக்கா ஒரு திங்கட்கிழமை வந்தார்.

“தம்பி, புதுப் பாட்டு கொஞ்சம் ஏத்திக் குடு. உள்ள பொம்பளைங்க சமாச்சாரம் ஒண்ணு கெடக்கு. அதத் தொறந்துடாத.”

“நான் ஏன்க்கா தொறக்கப்போறேன்?”

திறக்கவில்லை. மென்பொருள் அதையும் என் தொகுப்புக்கு எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து வந்த கருவிகளிலெல்லாம் ஏற்றியது. டிக் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. எடுத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் இன்னொருவர் வந்து நின்றார், அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை டாக்சி ஓட்டும் தித்தா கடைக்குள் வந்து, அந்த வாரம் என்னிடம் பாட்டு ஏற்றிப்போன தன் கருவியை ஒலிபெருக்கியில் மாட்டினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த நால்வரும் பேச்சை நிறுத்தினார்கள். அது தெப்ரா. பெண்கள் தங்களுக்குள் மட்டும் பாடிக்கொள்ளும் ஈரடிக் காதல் பாட்டு. ஆண் காதில் விழக் கூடாதது. அந்த வரிகளை இங்கே எழுத மாட்டேன். ஒரு முறை பரப்பியது போதும். முடிவில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, “ஸைனபு, இன்னொரு தடவ!” என்றாள்.

“எந்த ஸைனபுடா இது?” என்றார் தித்தா. “குரலா அது, தேன்!”

“சந்தையிலேயே முப்பது ஸைனபு இருப்பாங்க,” என்றேன்.

“முப்பது பேரையும் வண்டியில ஏத்திப் பேசவெச்சாப் போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனதும் முதல் வேலையாக டிக்கை எடுத்தேன். பிறகு அந்தப் பதிவைத் தொகுப்பிலிருந்து நீக்கினேன். அக்காவின் கருவிக்குப் பிறகு செருகப்பட்ட கருவிகளின் பட்டியலை மென்பொருளே வைத்திருந்தது: நாற்பத்தொன்று. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, புதுக் கச்சேரி வந்திருக்கிறது, காசு வேண்டாம், வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். வந்தார்கள், நன்றி சொன்னார்கள். கச்சேரி ஏறியது, தெப்ரா அழிந்தது. வியாழனுக்குள் நாற்பது முடிந்தது.

தித்தா மட்டும் வரவில்லை. “எனக்கு அந்த ஒரு குரல் போதும்டா,” என்றார்.

வேறு வழி தெரியாமல் ஸைனபு அக்காவின் கடைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கை நின்றது.

“எத்தன பேரு?”

“நாப்பத்தியொரு பேருக்கா. நாப்பதுல அழிச்சுட்டேன்.”

“கருவியில அழிச்சுட்ட. காதுல?”

அக்கா மடித்த துணியை ஓரமாக வைத்தார்.

“மிச்சம் யாரு?”

“தித்தா.”

“அவன்கிட்ட அழின்னு சொன்னியா?”

“சொன்னா நீங்கதான்னு தெரிஞ்சுடுமேன்னு...”

“இல்ல. நீ திருடுறவன்னு தெரிஞ்சுடுமேன்னு.”

மெலஃபாவின் நுனியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே போனேன். டாக்சி நிறுத்தத்தில் தித்தாவின் வண்டி எஞ்சின் ஓட நின்றது. உள்ளே நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தித்தா பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

“தித்தா, ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டு அலையாத. அந்த ஸைனபு நான்தான். என் கண்ணு முன்னால அழி.”

தித்தாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. தலைப்பாகைத் துணியை வாய்வரை இழுத்துக்கொண்டு, கருவியை எடுத்து, அழித்து, திரையை அக்காவிடம் காட்டினார்.

“மன்னிச்சுக்கக்கா. சத்தியமாத் தெரியாது. இது எப்படி என்கிட்ட வந்துச்சு?”

அக்கா நிமிர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நான் பேசட்டும் என்று நின்றார்.

“அவங்க குடுக்கல. கேக்காம நான் எடுத்தேன்,” என்றேன். “உங்ககிட்டருந்தும் எடுத்திருக்கேன். உங்க தங்கச்சி கல்யாணத்துல பொம்பளைங்க கூடாரத்துக்குள்ள பதிஞ்சது. அதையும் எல்லாருக்கும் ஏத்தியிருக்கேன்.”

தித்தா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பயணிகளில் ஒருவர், “என்னப்பா, போகலையா?” என்றார். தித்தா கதவைத் திறந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.