அழிந்துபோன இரண்டு கோடுகள்

பதினெட்டு வருஷம் மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வை பார்த்தவள், நாற்பத்து நாலாவது வயதில் அதை விட்டுவிட்டுப் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். "சுவரு கழுவறதுக்குப் பட்டம் வேற வாங்கப் போறியா?" என்று கணவன் கேலி செய்தான். கூடப் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பளிச்சக்கா. அவள் கை பட்ட இடத்தில் அழுக்கு தங்காது.

நாலாவது மாதம், பூட்டிக் கிடந்த பழைய தபால் நிலையத்தில் செய்முறைப் பயிற்சி. கடிதம் பிரிக்கும் அறையின் சுண்ணாம்புச் சுவரை மெல்லிய தூரிகையாலும் ஈரப் பஞ்சாலும் சுத்தம் செய்ய வேண்டும். பயிற்சியாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். சுவரில் சாக்கட்டியால் எல்லை கிழித்து, "இதைத் தாண்டாதீங்க. அந்தப் பக்கம் இன்னும் படம் எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பளிச்சக்காவின் கை சும்மா இருக்குமா? எல்லைக்கு ஒரு சாண் தள்ளி, கிறுக்கல் மாதிரி இரண்டு பென்சில் கோடுகள் கண்ணை உறுத்தின. இரண்டே இழுப்பு. போயே போச்சு.

மதியம் பயிற்சியாளர் கேமராவோடு வந்தாள். "வெள்ளம் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு அந்தக் காலத்துத் தபால்காரங்க இங்க கோடு போட்டு வெச்சிருக்காங்க. கோப்புல அஞ்சு கோடுன்னு இருக்கு, உயரம்தான் எழுதல." குனிந்து குனிந்து பார்த்தாள். "மூணுதானே தெரியுது? மீதி மங்கிப் போச்சு போல."

பளிச்சக்கா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். அழித்ததை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"மங்கல மேடம். நான்தான் அழிச்சேன்."

சின்னவள் முகம் கறுத்துப் போனது.

"எங்க இருந்துச்சுன்னு தெரியும் மேடம். பென்சில் குடுங்க, அப்படியே போட்டுடறேன்."

"வேணாங்க்கா. நீங்க போட்டா அது உங்க கோடு." பெருமூச்சு விட்டாள். "எப்படி நின்னு அழிச்சீங்க? அதைக் காட்டுங்க."

பளிச்சக்கா நின்று காட்டினாள். ஒன்று இடுப்பு உயரம். இன்னொன்றுக்குக் குந்தி உட்கார்ந்து காட்டினாள். முழங்காலுக்குக் கீழே. பயிற்சியாளர் டேப் பிடித்து அளந்தாள்.

"பக்கத்துல வருஷம் எழுதியிருந்துச்சா?"

"ஏதோ எண் இருந்துச்சு. படிக்கல." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நடந்ததையெல்லாம் அவளே ஒரு தாளில் எழுதி, அளவுகளுக்குப் பக்கத்தில் 'நினைவிலிருந்து, ஏறக்குறைய' என்று குறித்து, கையெழுத்துப் போட்டாள். தாள் கோப்புக்குப் போனது. அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை. அடுத்த குழுவோடு மூன்று வாரம் மறுபடி செய்ய வேண்டும்.

வீட்டில் கணவன் கேலி எதுவும் செய்யவில்லை. "யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் போய்ச் சொன்னே?"

"அஞ்சு தடவை வந்த வெள்ளம், மூணு தடவைன்னு ஆயிடுமேங்க."

அவன் தலையாட்டிவிட்டு அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைத்தான்.

அடுத்த குழுவில் அவளுக்குக் கிடைத்தது மாடிப்படிச் சுவர். முதல் நாள் முழுக்க அவள் தூரிகையைத் தொடவே இல்லை. டார்ச்சும் நோட்டுமாகப் படிப்படியாக ஏறி, கண்ணில் பட்ட கீறலையெல்லாம் எழுதினாள். பதினோராம் படிக்கு மேலே யாரோ ஆணியால் கீறிய ஒரு மீன் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கினாள்.