ஒன்பது பேர் குறைவு

எங்கள் தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் நான்தான் எழுத்தர். எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஐந்து வகுப்பு மதிப்பெண்களையும் ஒருத்தியாக உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டு, இளித்துக்கொண்டும் இருக்க வேண்டுமாக்கும்!

ஆண்டு முடிவில் கல்வித்துறைக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். எத்தனை பிள்ளைகள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், எந்த மொழிக்காரப் பிள்ளைகள் சராசரியாக எவ்வளவு வாங்கினார்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மதிப்பெண் வராது; வெறும் கோடுதான் வரும். யாருடைய மதிப்பெண் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாதாம்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் வீட்டு மொழியைப் பேச இந்தப் பள்ளியில் வேறு ஒரு பிள்ளை கிடையாது. வந்த புதிதில் வாசிப்பில் இருபத்திரண்டு வாங்கினாள். அவள் மொழி தெரிந்த ஒரு டீச்சரைத் துறை அனுப்பியது. வாரம் மூன்று நாள், அன்றைக்கு ஒரு மணி நேரம் தனி வகுப்பு. இந்த ஆண்டு அறுபத்தொன்று! அறிக்கையில் முன்னேற்றம் தெரிந்தால்தான் அந்தத் தனி வகுப்பு தொடரும். ஆனால் அவள் கட்டத்தில் கோடு விழுந்திருந்தது.

தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அறுபத்தொண்ணு வாங்கியிருக்கா. கோடு போட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்றது?"

"ரூலாவது மண்ணாங்கட்டியாவது! குறிப்புல எழுதி அனுப்புறேன்."

"எழுதுங்க. யாரு படிக்கப் போறா?"

எழுதினேன். அவர் சொன்னதுதான் நடந்தது. 'முன்னேற்றத்துக்குத் தரவு இல்லை, வகுப்பு நிறுத்தப்படுகிறது' என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அதை அவளிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

"டீச்சர் இனிமே வரமாட்டாங்கம்மா."

"நான் நல்லாப் படிக்கலையா, அக்கா?"

"நல்லாத்தான் படிச்ச. நீ ஒரே ஆளு இல்லையா, அதான் கணக்குல வரல."

"எத்தனை பேர் வேணும்?"

"பத்து."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியாவது தேற்றியிருப்பேன். அன்று வீட்டுக்குப் போய் ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தபோது, என் வீட்டுக்கும் கோடுதான் போடுவார்கள் என்று தோன்றியது.

விடுமுறையில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள் வந்தது. என் ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் வரிசை. பக்கத்தில் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தன் மொழியில் ஏதோ ஒரே வாக்கியத்தைக் கேட்டாள். சில பிள்ளைகள் விழித்தன, சில அம்மாவின் பின்னால் ஒளிந்தன. மதியத்துக்குள் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

வரிசை காலியானதும் கூப்பிட்டேன்.

"காலையிலேர்ந்து என்னதான் கேட்டுக்கிட்டிருக்க?"

"உன் பேர் என்னன்னு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு அதே வாக்கியத்தை என்னிடமும் கேட்டாள்.

பதினெட்டு வருஷமாக நான் இங்கே 'ஆபீஸ் அக்கா'. ஒருவரும் இதைக் கேட்டதில்லை. என் பெயரைச் சொன்னேன்.

அவள் இரண்டு விரல்களை நீட்டினாள்.

"ரெண்டு பேர் ஆச்சு, அக்கா. இன்னும் எட்டுப் பேர்தான்."