தள்ளலாம், உட்காரக் கூடாது

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விழா மலர் போடும் ஒருவர், 'இளைஞர் வீரம்' என்று ஒரு கதையும் என் மார்பளவுப் புகைப்படமும் கேட்டார். புகைப்படம் அன்றைக்கே தயார். கதைக்குத்தான் தொடக்கம் வரவில்லை.

'உரிமைச் சுடர் ஏந்திய அந்த மங்கை, திண்டிவனத்து விடியலைப் போல—'

(வேண்டாம். அன்று காலை திண்டிவனத்தில் எழும்பியது புகை மட்டும்தான்.)

2

1943. போரினால் பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டினார்கள். சேரியிலிருந்து வந்த அம்சவள்ளிக்குப் பதினேழு வயது. பத்து மணிக்குள் விழுப்புரம் போய்ச் சேர்ந்தால் ஆசிரியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போகவேண்டியதுதான். கண்டக்டர் மாசிலாமணி எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னாள். இடமில்லை என்றார். பாதி பஸ் காலி.*

* சட்டப்படி ஏற்றியிருக்க வேண்டும். சட்டம் அன்று அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

3

வண்டி கிளம்பவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அப்படியும் அசையவில்லை.

"ஏ பொண்ணு, சும்மா நின்னுக்கினு இருக்கியே, நீயும் ஒரு கை குடு," என்றார் மாசிலாமணி.

[இந்த இடத்தில் அவளுக்கு அரைப் பக்கம் வீர வசனம் எழுதினேன். பேச மறுத்துவிட்டாள். அவளுக்கு நேரமாகிறது.]

தள்ளினாள். இன்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது. வண்டி நகர, உள்ளே டிரைவரைத் தவிர ஒரு ஆள் இல்லை என்பதைப் பார்த்தாள். ஓடி ஏறி, முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

கூடவே ஓடிவந்த மாசிலாமணி இறங்கச் சொல்லிக் கத்தினார்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்கண்ணா, எறங்கிக்கிறேன்."

டிரைவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும். மறுபடி தள்ளவேண்டும், அவளையும் கூப்பிட்டு.

4

முடிவுக்கென்று ஒரு பெரிய மனிதரை வைத்திருந்தேன். 'இவளும் நம் மகளே!' என்று முழங்கிவிட்டு அவள் பக்கத்தில் அமர்வார். போய்ப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, வேறு யாராவது முதலில் ஏறட்டும் என்று நின்றிருந்தார். அவரைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

அம்சவள்ளி இறங்கப் போவதில்லை. அதில் இனி எனக்கு வேலையில்லை. மீதி உங்கள் பாடு. நீங்களும் டிக்கெட் வாங்கியவர், தள்ளியவர், கையெல்லாம் கரி. விழுப்புரம் இருபது மைலுக்கு மேல். அவள் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. வண்டி, ஓடினால் ஏறிவிடக்கூடிய வேகத்தில்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.