வாசனை இல்லாத காற்று

அமிர்தலிங்கம் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வந்தபோது மயிலம்மாள் விருட்டென்று எழுந்து நின்றாள். புருஷன் பிணத்தருகே பெண்டாட்டி உட்கார்ந்துதான் பிறந்த வீட்டுக் கோடியை வாங்க வேண்டும். அண்ணன் அதைப் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள்.

"உக்காரு மயிலு. நேரமாச்சுலா," என்றான் அமிர்தலிங்கம்.

"மொதல்ல பதில் சொல்லுண்ணே. அப்புறம் கோடி."

வாசலில் தப்புச் சத்தம் நின்றது. அவள் புருஷன் சன்னாசி உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தான்.

கடலோர மின்நிலையத்தில் ஆறு மாதமாக ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சோதனை நடந்தது. புகைபோக்கியில் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு, அதிலுள்ள கரியமில வாயுவை ஒரு மருந்துத் தண்ணீரில் பிடித்து, பிறகு காய்ச்சித் தனியாகப் பிரிப்பார்கள். வானத்துக்கு நல்லதாம். நல்லா இருக்கட்டும் வானம்! அந்த வாயு நிற்கும் தொட்டிகளைக் கழுவும் காண்ட்ராக்ட் அமிர்தலிங்கத்துடையது. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரை மூடியதும் தங்கை புருஷனை அவன்தான் அந்த வேலையில் சேர்த்தான். நேற்று தொட்டிக்குள் இறங்கிய சன்னாசி ஏறி வரவில்லை. அமிர்தலிங்கம் யாரோ ஒரு கிளினிக் டாக்டரைப் பிடித்து மாரடைப்பு என்று சொல்ல வைத்து, பொழுது விடிவதற்குள் பிணத்தைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டான் மகராசன். என்ன அவசரம்! எரித்துச் சாம்பலாக்கிவிட்டால் எவன் கேட்கப்போகிறான்?

ஆனால் கூட வேலை பார்த்த, கயிறு போட்டு மேலே இழுத்த ராமகிருஷ்ணன், தொட்டிக் காற்றுதான் ஆளைக் கொன்றது என்று காலையிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்.

மயிலம்மாள் அண்ணனை விடவில்லை. "அவரு நெஞ்சு வலின்னு ஒரு நாள் படுத்ததில்ல. தொட்டியில எறக்கறதுக்கு முன்னால உள்ள காத்தப் பாத்தியா?"

"அவரேதான் பாத்தாரு மயிலு. மூடியத் தொறந்து குனிஞ்சு மோந்து பாத்தாரு. நெடி ஒண்ணுமில்ல மச்சான், எறங்குறேன்னாரு. நான் என்னா பண்றது?"

மோந்துதான் பார்த்திருப்பான், பாவி மனுஷன். ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா ஊற்றுகிற ஸ்டோரில் இருபது வருஷம் கிடந்தவன். நெடி மூக்கில் ஏறினால் வெளியே ஓடு, ஏறாவிட்டால் உள்ளே போ. ஸ்டோர்க்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பாடம்.

"அந்தக் காத்துக்கு வாசனையே கெடையாதுன்னு வெள்ளக்காரன் ஒனக்குச் சொன்னானா இல்லையா?"

அமிர்தலிங்கம் தாம்பாளத்தைப் பார்த்தான்.

"ஒன்னத்தாண்ணே கேக்குறேன். தொட்டியத் தொறந்து போட்டு, மெஷின வச்சு அளந்துட்டுத்தான் ஆள எறக்கணும்னு ஒன்ன உக்கார வச்சு சொன்னானா இல்லையா? ராமகிருஷ்ணா, வாயத் தொறடா!"

"சொன்னாங்கக்கா," என்றான் ராமகிருஷ்ணன், கூட்டத்துக்குள்ளிருந்து. "நானும் அங்கதான் இருந்தேன். நேத்தே கழுவி முடிக்கணும்னு இவருதான் அவசரப்பட்டாரு."

"மயிலு, நானும் புள்ளகுட்டிக்காரன்..."

"எம் புள்ளைங்க மட்டும் என்ன, வானத்துலேருந்தா குதிச்சுதுங்க?" அவள் குரல் லயத்து வரிசையின் கடைசி வீடுவரை கேட்டது. "ஒன்ன நம்பித்தானே அனுப்புனேன்! ஒன் கையால எனக்குக் கோடியா? தூ!"

"பொம்பள இப்பிடியா பேசறது? பொணத்த வச்சுக்கிட்டு," என்றார் ஒரு பெரியவர்.

"எடுக்கத்தான் போறேன். சுடுகாட்டுக்கு இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு. அறுத்துப் பாக்கட்டும். போலீஸ் வரட்டும்."

அமிர்தலிங்கம் வாசலை மறித்து நின்றான். ராமகிருஷ்ணன் அவனை ஒதுக்கிவிட்டுப் பாடையின் தலைப்பக்கம் குனிந்தான். சிறிது நேரம் அவன் மட்டும்தான் குனிந்திருந்தான். பிறகு இன்னும் மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள்.

பாடை வாசலில் நின்ற லோரியில் ஏறியது. பிணம் போகும் வண்டியில் பெண்கள் ஏறுவதில்லை. மயிலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கீழிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் டிரைவர், பழக்க தோஷம், சுடுகாட்டுப் பக்கம் திரும்ப விளக்குப் போட்டான்.

மயிலம்மாள் எக்கி, லோரியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். விளக்கு அணைந்து, மறுபக்கம் மின்னத் தொடங்கியது.