குறுகிய கழுத்துள்ள கிதார்

அத்தான் அக்காவோடு இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தபோது தங்கை ஒரு பழைய கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? பாட்டுக்குழுவில் அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அல்லவா?

குழுவின் முதலாளி ஆள் எடுத்த அன்று, "உன் கிதாருக்கு உள்ள ஒயர் சரியில்ல, என்னோடத வாசி" என்று அத்தான் பாசமாகத் தன்னுடையதை நீட்டினார். அதன் கழுத்து, அதாவது விரல் வைத்து அமுக்குகிற பாகம், பலகை மாதிரி அகலம். அவளுக்கோ சின்னக் கை. விரல் எட்டாமல் பாதிச் சுரங்கள் செத்து விழுந்தன. "கை சின்னது, பாவம். வீட்டுல வாசிக்கட்டும்" என்று முதலாளியிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அதே கிதாரை வாங்கி வாசித்து வேலையைத் தட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளுடைய ஒயருக்கு ஒரு கேடும் இல்லை. அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன குட்டைவிரல், சௌக்கியமா?" என்றார் அத்தான். அந்தப் பட்டப்பெயரும் அவர் வைத்ததுதான். "பெரிய மேடை ஒண்ணு வருது. பழசு விரிசல் விட்டிருச்சு. நல்லதா ஒண்ணு காட்டு."

அவள் இரண்டு கிதார்களை இறக்கி வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே மரம், ஒரே நிறம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றின் கழுத்து மூன்று மில்லிமீட்டர் குறுகல். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி மைக்கும் உண்டு. அகலக் கழுத்துக்காரனில் மைக் கிடையாது. இரண்டிலும் கம்பிக்கு அடியில் இருக்கும், அதிர்வை வாங்கும் பட்டை மட்டும்தான்.

கடையின் சின்ன அறையில் இரண்டையும் ஒலிபெருக்கியில் மாட்டி, அத்தான் மெதுவான மெட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தார். மைக் உள்ளது தேனாய்க் கேட்டது. பட்டை மட்டும் உள்ளது கொஞ்சம் வறட்சிதான்.

"உங்களுக்கு இந்த அகலம்தான் அத்தான். உங்க விரலுக்கு மத்தது பத்தாது, பக்கத்துக் கம்பியில இடிக்கும். மேடைச் சத்தத்துல அந்த மைக் ஊளையிடும்" என்றாள். அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லும்போதே குறுகலான கிதாரை எடுத்து, கொடுக்க மனசில்லாதவள்போல் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊரில் எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று நினைக்கிற ஆள் அவர். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அத்தான் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா உன் தங்கச்சிய? நல்லத தனக்கு ஒதுக்கிட்டு மட்டத்த என் தலையில கட்டப் பாக்குறா."

"அவ சொல்றதத்தான் கேளுங்களேன்" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு" என்று குறுகலான கிதாரைத் தங்கையின் கையிலிருந்து பிடுங்கினார் அத்தான்.

"உள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்கு அத்தான். அது எதுக்குன்னு சொல்லவா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? பையில போடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை அலுக்கவே இல்லை.

மேடைக்கு ஒலிபெருக்கிகள் அவளுடைய கடையிலிருந்துதான் போயின. அவளும் கூடப் போனாள். ஒத்திகைக்கு வருவதெல்லாம் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற அத்தான், நேரே கச்சேரிக்கு வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டு. கம்பியில் கை வைத்ததுமே கிதார் ஊவென்று ஊளையிட்டது. அரங்கமே காதைப் பொத்தியது. அவர் திரும்பி உட்கார்ந்தார். ஊளை இன்னும் ஏறியது. பதறிய தடித்த விரல்கள் ஒன்றை அமுக்கினால் இரண்டு கம்பி செத்தது. பாடகி பாட்டை நிறுத்தினாள். முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அவசரப்படாமல் மேடை ஏறினாள். அவர் மடியிலிருந்து கிதாரை வாங்கி, நடுத்துளைக்குள் விரலை விட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். மைக் அடங்கி, பட்டை மட்டும் பேசியது. ஊளையும் அடங்கியது. அப்படியே நின்றபடி பாட்டின் முகப்பை வாசித்தாள். அந்தக் குறுகிய கழுத்து அவள் கைக்கென்றே செய்தது போலிருந்தது. ஒரு சுரம் சாகவில்லை.

"உக்காரும்மா. நீயே வாசி" என்றார் முதலாளி.

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். கச்சேரி முடியும்வரை மேடையோரம் கிதாரின் காலிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் பாய்ந்து வந்தார். "வேணும்னே என்னக் கவுத்துட்டா. திட்டம் போட்டுப் பண்ணியிருக்கா."

"கடையில நான் பக்கத்துலதான நின்னேன்? அவ எல்லாத்தையும் சொன்னா. நீங்கதான் கேக்கல" என்றாள், முன்வரிசையிலிருந்து மேடையேறி வந்த அக்கா.

முதலாளி தங்கையை உற்றுப் பார்த்தார். "உன்ன எங்கயோ பாத்திருக்கேனே. நாளையிலிருந்து வந்துடு. இவர என்ன பண்றது?"

அவள் கிதாரை மடியிலிருந்து இறக்காமல் அத்தானின் கைகளைப் பார்த்தாள்.

"கை பெருசு, பாவம். வீட்டுல வாசிக்கட்டும்."