கம்பியை மூடிய கொடி

ஹனிசக்கிள் கொடி பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கையாவது வெட்டிவிட வேண்டும். நர்சரியில் கூலிக்குப் போகிற அவளுக்கு இது தெரியும். அங்கே அவள்தான் வெட்டுவாள். வீட்டில் மட்டும் கத்திரியை எடுக்கவில்லை.

இரண்டாம் மாடி பால்கனியில், பழைய பெயின்ட் டிரம்மில் வைத்த கொடி. தினமும் ஊற்றிய தண்ணீர் டிரம்மின் ஓட்டை வழியாக வடிந்து, கைப்பிடிக் கம்பியின் காலடியிலேயே தேங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் அசுவினிப் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் அடிக்கத் தழையை விலக்கியபோதுதான் பார்த்தாள். டிரம்முக்குப் பின்னால் கம்பியின் கால்கள் துருவேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. சுவர்க் கொக்கியிலிருந்து முறுக்கிப் படர்ந்த தண்டுகள்தான் மேல்கம்பியை இழுத்துப் பிடித்திருந்தன.

கம்பி வைத்தது அவளுடைய அண்ணன், வெல்டர். "பைப்பு மெல்லிசு" என்று அன்றைக்கே சொன்னவன் அவள் கணவன். அந்தப் பேச்சில் முறிந்த உறவு இப்போதுதான் ஒட்டியிருந்தது.

"அண்ணே, எப்ப வந்து வெல்டு அடிச்சுக் குடுப்ப?"

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன் பாப்பா. உன் வீட்டுக்காரன் காதுல போட்டுடாத. என் மானத்த வாங்கிடுவான்."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, அண்ணன் வரவில்லை. அவள் துணிக் கிழிசலால் புதுத் தளிர்களையும் கம்பியோடு இழுத்துக் கட்டினாள்.

கணவனுக்கு லாரி ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை. சாயங்காலம் அந்தக் கம்பியில் முதுகைச் சாய்த்தால்தான் கடைசி மூட்டை இறங்கும்.

"ஏங்க, அங்க சாயாதீங்க. எறும்பு."

"என்னைக் கடிச்சா எறும்புக்குத்தான் பல்லு போகும்."

"சொன்னாக் கேளுங்களேன்."

"அதுக்கு முடிய வெட்டி விடுடி. உங்கண்ணன் தலை மாதிரியே கெடக்கு."

"நான் பாத்துக்கறேன். நீங்க கை வைக்காதீங்க."

"செடியப் பாக்கறதுல பாதி என்னைப் பாத்திருந்தா எப்பவோ தேறியிருப்பேன்."

உண்மை அவள் தொண்டைவரை வந்தது. அண்ணன் முகம் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தவள் வாசலில் தழைக்குவியலைப் பார்த்தாள். இலைகள் இன்னும் வாடவில்லை. தண்டுகளில் அவள் கட்டிய கிழிசல்கள் அப்படியே இருந்தன.

நிமிர்ந்தாள். டிரம்மில் முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன. சுவர்க் கொக்கி வெறுமையாக இருந்தது. மேல்கம்பியின் பச்சைப் பெயின்ட் பளபளத்தது. அதன் பின்னால் கத்திரியோடு அவன்.

"பாத்தியாடி! இப்பத்தான் தெருவே தெரியுது!"

"சாயாதீங்க! உள்ள போங்க!"

தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போயிற்று. அவன் காதில் கை வைத்து, மற்ற கையைக் கம்பியில் ஊன்றினான்.

"என்னது?"

"அண்ணன் வெச்ச கம்பி... துருப்பிடிச்சு... உள்ள போங்க!"

"ஒண்ணும் கேக்கலடி" என்று நெஞ்சைக் கம்பியில் அழுத்திக் குனிந்தான்.

கத்தக் கத்த அவன் இன்னும் குனிவான் என்று புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பின்னால் போ என்று ஒற்றைக் கையால் வீசி வீசிக் காட்டினாள். அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவன் இன்னும் எட்டிப் பார்த்தான்.

கம்பி பதிந்த இடத்திலிருந்து சுவர்க்காரைத் துண்டு ஒன்று பெயர்ந்து தழைக்குவியல் மேல் வந்து விழுந்தது.